தம்பி வைத்த கைரேகை

போன மாதம் பென்ஷன் ஆபீசில் என் இடது கட்டைவிரலில் மை தடவினார்கள். கை நடுக்கத்தில் என் கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை, அதனால் ரேகை. ஆயுசெல்லாம் எழுதிப் பிழைத்தவனுக்கு இந்தக் கதியா என்று சிரிக்கத்தான் பார்த்தேன். விரலைக் காகிதத்தில் அழுத்தியதும், வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லி கோர்ட்டும் அங்கே பதிந்த இன்னொரு ரேகையும் கண்முன் வந்து நின்றன. சிரிப்பு வரவில்லை.

அந்தக் கோர்ட்டில் நான் குமாஸ்தா. எங்கள் துபாஷி நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். என் மகளுக்கு அம்மை கண்டபோது தினமும் வீடு தேடி வந்து விசாரித்தவர். மாஜிஸ்திரேட் துரை பரீட்சைக்குப் படித்த தமிழ் கோர்ட்டில் உதவாது; கூண்டில் நிற்பவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல இவர் ஒருவர்தான். "நீட்டி முழக்கினா துரைக்குத் தலைவலி வரும்" என்பார். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், மறுத்தால் சாட்சி வைத்து விசாரிப்போம் என்று துரை சொல்வதெல்லாம் இவர் வாயில் "நடந்தது நிஜந்தானே?" என்று ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்குள் வழக்குகள் தீர்ந்துவிடும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எல்லாரும் மெச்சினோம், நானும்தான்.

அன்றைய வழக்கு அயனம்பாக்கத்து மதகுத் தகராறு. தண்ணீர் திறக்கும் சண்டையில் சர்க்கார் சேவகன் ஒருவனின் கை முறிந்திருந்தது. சம்மன் ஒரு குடியானவன் பெயருக்குப் போயிருந்தது. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் கூண்டேறிக் கும்பிட்டான். "நடந்தது நிஜந்தானே?" என்றார் துபாஷி. "நெசந்தான் சாமி" என்றான். "கில்ட்டி" என்று துரையிடம் சொன்னார். நான் எழுதினேன். அவன் ரேகை வைத்தான். ஆறு மாசம் கடுங்காவல்.

தண்டனையைத் தமிழில் கேட்டதும் அவன் பயப்படக்கூட இல்லை, குழம்பிப்போனான். "சாமி, அடிச்சது எங்கண்ணாத்தே. அது ஏரிக்கரைல மண்ணு வெட்டிகினு கீது. ஊட்டுக்கு ஒரு ஆளு வந்தா போதும்னு நான் வந்தேன்." எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கரை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் போவது அந்த ஊர் வழக்கம்; அண்ணன் போனாலும் சரி, தம்பி போனாலும் சரி, யாரும் கேட்கமாட்டார்கள். கோர்ட்டையும் அப்படியே நினைத்துவிட்டார்கள்! துரை நிமிர்ந்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். துபாஷியின் முகம் வெளுத்துவிட்டது. ஆள் யார் என்று கேட்காமல் விட்டது வெளிவந்தால் அவர் வேலை போய்விடும். "கருணை கேட்கிறான்" என்று இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த இன்னொருவன் நான். பேனா நின்றதே தவிர வாய் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் பாவ அறிக்கை படிக்கிறவன் நான். கூட்டத்தோடு கூட்டமாக அதை ஒப்பிக்க எனக்கு ஒருநாளும் நாக்குக் குழறியதில்லை.

மறுநாள் காலை அண்ணன் வந்தான். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. "கரை வேலை முடிஞ்சிச்சு சாமி. என் முறைக்கு நான் வந்துகீறேன். தம்பிய உட்டுடுங்கோ" என்று கட்டைவிரலை நீட்டினான். துபாஷி அவன் முகத்தைப் பார்க்காமல், "கேஸ் முடிஞ்சுபோச்சு, போ" என்றார். அவன் நீட்டிய விரலை மடக்காமல் என் பக்கம் திரும்பினான். நான் குனிந்து காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பென்ஷன் ஆபீசில் இருந்த பெண், என் ரேகை காய்வதற்குள் ஏட்டில் ஒட்டியிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "பெரியவரே, இது நீங்கதானே?" என்று கேட்டாள். அன்றைக்கு அந்தக் கூண்டருகில் இதைக் கேட்க ஒருவர் இல்லை. "நான்தான்" என்றேன்; மை பூசிய விரலை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.