மடுவில் நிறுத்திய குளிசை

என் மகளுக்கு மூன்று வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. மன்னாரில் ஒரு குழந்தை வைத்தியர் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் பிள்ளையின் நெஞ்சில் வைப்பார். எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயிலிருந்து வரும் பஸ் பிந்தினால், கிளினிக் முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் காத்திருப்பார். மகள் அவருடைய பேனையைப் பறித்து, கிளினிக் கொப்பியில் மீன் கீறுவாள். அவர் எழுதித் தந்த குளிசை மருந்தைத் தொடங்கி இரண்டு வருடம் வலிப்பே இல்லை.

"இனி மெல்லக் குறைச்சுப் பாப்பம்" என்று அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

அடுத்த மாதம் மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழா. கூடாரம் அடித்துத் தங்கினோம். மனைவி நேர்த்தி வைத்திருந்தாள்: நவநாள் ஒன்பதும் முடியுமட்டும் மடுக் கோயில் மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, வேறு மருந்து தொடுவதில்லை. குளிசையும் கொடுத்தால் மாதாவை நம்பாதது போலாகிவிடுமாம். மாதா யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே குளிசையைப் பையின் அடியில் திணித்தவன் நான்தான்.

ஆறாம் நாள் காலை, பூசைக்கு உடுப்பு மாற்றும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நிற்கவேயில்லை. அம்புலன்ஸில் மன்னாருக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் ஓடிவந்தார்.

"குளிசை ஒழுங்காக் குடுத்தனீங்களோ?"

"ஓம் டொக்டர், ஒரு நாளும் விடேல்லை."

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு முன்னால் நாக்குக் கூசாமல் சொன்னேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்தாள். வைத்தியர் வார்ட்டுக்கு வெளியே வந்து கண் கலங்க நின்றார். "என்ட பிழை. நான் குறைச்சிருக்கக் கூடாது."

வெட்கம் கெட்டவன் நான், "பரவாயில்லை டொக்டர்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

பழைய குளிசை இனிப் போதாது என்று, அதோடு கடுமையான இன்னொரு மருந்தையும் சேர்த்தார். அதன்பிறகு என் மகள் தூங்கிக்கொண்டேயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மேசையில் எச்சில் வடியக் கிடந்தாள். படித்த எழுத்துகள் மறந்துபோயின. வைத்தியர் கிழமைக்கொருதரம் போன் எடுத்து விசாரிப்பார். அந்தக் குரலைக் கேட்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு கிளினிக்கில் அவர் மகளின் கையில் பேனையைக் கொடுத்தார். "எங்கே, எனக்கொரு மீன் கீறித் தாங்கோ." பேனை விரலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவரின் முகத்தைப் பார்த்ததும் நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, அந்த ஆவணிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பழைய குளிசை வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கு" என்றார். "இந்த மருந்து பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்காது. மெல்ல மெல்ல நிப்பாட்டுவம். எவ்வளவு திரும்பி வருமெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

பிறகு ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். வழக்கத்தை விட அதிக நேரம் தேய்த்தார். அவர் அதை நெஞ்சில் வைத்தபோது மகள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.