ஒப்பாரிக்கு நடுவில் வந்தவள்

பெரிய வெள்ளியின் அர்த்தம் என்ன என்று சாமியார் வருஷாவருஷம் பிரசங்கம் வைப்பார். நமக்காக ஒருவர் செத்தார், நாம் துக்கப்பட வேண்டும் என்பார். துக்கப்படுவதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆள் கிடையாது. ராயபுரத்தில் எங்கள் வீடுகளில் அன்று தாளிப்பு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. கட்டுமரம் கடலுக்குப் போகாது. யாரும் யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார்கள். கோயில் மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இவ்வளவு ஒழுங்காகத் துக்கம் காத்த நாங்கள் எப்பேர்ப்பட்ட ஜென்மங்கள் என்பது எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய வெள்ளியன்று எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிப் பாடையில் கிடத்துவார்கள். தலைமாட்டில் பெண்கள் உட்கார்ந்து, மாதா தன் மகனைப் பார்த்து அழுவதாக ஒப்பாரி வைப்பார்கள். அதை எடுத்துக் கொடுப்பவள் என் அம்மா. "மகனே" என்று அவள் ஆரம்பித்தால் ஹார்பரில் மூட்டை தூக்குகிற முரடர்களும் மூக்கைச் சிந்துவார்கள். எனக்குக் கால்மாட்டில் வேலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, ரயில்வேயில் கலாசி. சனங்கள் வரிசையாக வந்து சுரூபத்தின் பாதத்தில் உதட்டை வைத்து முத்தி செய்வார்கள். ஒவ்வொருவரும் முத்தி செய்ததும் வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு பக்கத்தில் அப்பா நிற்பார்.

எனக்கு ஒரே தங்கை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனவள், அங்கேயே வேலை பார்த்த வியாசர்பாடிக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஜாதியும் வேறு, சாமியும் வேறு. "அவ செத்துட்டா" என்றார் அப்பா. வாய்ப்பேச்சோடு விடவில்லை. செத்தவர்களுக்குச் செய்வதுபோல முப்பதாம் நாள் தெருவுக்கே கஞ்சி ஊற்றினார். அம்மாதான் ஊற்றினாள். குண்டானைத் தூக்கி வந்தவன் நான்.

இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பெரிய வெள்ளியன்று அவள் வரிசையில் வந்தாள். தோளில் குழந்தை, மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அன்று யாரும் சத்தம் போடமாட்டார்கள், சண்டைக்கு வரமாட்டார்கள், அம்மாவிடம் குழந்தையைக் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் வளர்ந்தவள்தானே, வழக்கமெல்லாம் அத்துப்படி. சத்தம் போடாமலும் ஒருத்தியைக் கொல்லலாம் என்பது மட்டும் பாவம், அவளுக்குத் தெரியவில்லை.

குனிந்து பாதத்தை முத்தி செய்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் துடைத்தேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை அழுத்தித் துடைத்தேன். பிறகு அந்தத் துணியைச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டு வேறு துணி எடுத்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன்.

"இன்னாண்ணா, என் எச்சி போய்ட்ச்சா? இன்னும் ஒட்டிக்கினு கீதான்னு நல்லா பாரு" என்றாள்.

நான் நிமிரவில்லை. அவள் தலைமாட்டுக்குப் போய் அம்மா முன்னால் மண்டியிட்டாள்.

"எம்மா, செத்துப்போன புள்ளைக்குத்தான அழுவுற? நானும் செத்துட்டேன்னு கஞ்சி ஊத்தினீங்களே. எனக்கும் ரெண்டு வரி பாடேன்."

அம்மா சுரூபத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த அடியை இன்னும் உச்சத்தில் எடுத்தாள். குரல் பிசிறக்கூட இல்லை. கூட இருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். அப்பா பக்கத்தில் போய், யாரோ எவளோ என்பதுபோல, "வரிசை நிக்குது, நவுரும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவள் எழுந்து போனாள். அதன் பிறகு எங்கள் கோயில் பக்கம் வரவேயில்லை.

வெளியே வரும்போது பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த வருசம் மாதிரி நீ என்னிக்குமே பாடுனதில்லக்கா, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு." அம்மா தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தவர்களை எல்லாம் கொம்பு முளைத்த பாவிகள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அவர்களும் சொன்ன வேலையைச் செய்துவிட்டு, கை கழுவி, வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். பெரிய வெள்ளிக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். இன்றைக்கும் அந்த நாள் வந்தால் எனக்கு என்னைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டில் நாங்களும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். அப்பா கால் கழுவப் பின்பக்கம் போனதும், அம்மா என் பக்கம் சாய்ந்து, ரகசியமாகக் கேட்டாள்.

"டேய், கொயந்த ஆணா பொண்ணா? யார் ஜாடைடா?"

கைக்கெட்டும் தூரத்தில்தான் அந்தக் குழந்தை இருந்தது. நான் பார்க்கவில்லை என்றேன்.