அம்மாவின் கண்ணில் வைத்த பசை

அம்மா பாலவாக்கத்தில் மீன் விற்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போன வருஷம் ஒரு நாள் சங்கரா மீனைச் சுத்தம் செய்யும்போது செதில் தெறித்து அவள் வலது கண்ணில் பட்டுவிட்டது. நான் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை முடித்து வந்து பார்த்தால், கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கண்வலி வந்தபோது எப்போதோ வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் மீதி இருந்தது. அதை நானே விட்டேன். மறுநாள் சிவப்பு குறைந்தது.

"மருந்து நல்லா கேக்குதுடி" என்றாள்.

நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. "ரெண்டு நாள் பாக்கலாம்" என்றாள். கடையில் லீவு கேட்கத் தயங்கி நானும் சரி என்றுவிட்டேன்.

அந்த இரண்டாம் நாள் காலை, கண்ணிலிருந்து வெதுவெதுப்பாக நீர் கொட்டியது. மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கருவிழி புண்ணாகி, குண்டூசித் தலையளவு ஓட்டை விழுந்திருந்தது. டாக்டரம்மா மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் விடச் சொன்னது? சிவப்பை அமுக்கிட்டு உள்ளே புண்ணை வளத்துடுமே."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நானாத்தான் கடைல வாங்கினேம்மா. எம் பொண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது."



பசை வைத்து ஓட்டையை அடைக்கப்போவதாக டாக்டரம்மா சொன்னார்.

"செருப்புக்கு ஒட்டுவாங்களே, அதுவா?" அம்மா பயந்துவிட்டாள்.

"அந்த மாதிரிதான். ஆனா உடம்புக்குன்னே செஞ்சது. உறுத்தாம இருக்க மேல ஒரு லென்ஸ் வைப்போம். கண்ணை மட்டும் கசக்கிடாதீங்க."

அதன்பின் பல வாரம் மணிக்கொரு தரம் மருந்து. கடையில் சம்பளமில்லா லீவு போட்டேன். இமையை விரிக்கும்போதெல்லாம் கருவிழிமேல் அந்தப் பசை சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒட்டியிருக்கும். புட்டியில் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்த பிறகே சொட்டு விடுவேன்.

பசை தானாக உதிர்ந்தபோது அடியில் ஓட்டை மூடியிருந்தது. கண் தப்பியது. பார்வை வரவில்லை. தழும்பு வழியாக வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. கருவிழி மாற்றினால் தெரியலாம் என்று ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருக்கிறோம். இன்னும் கூப்பிடவில்லை.

ஒருநாள் கேட்டேன், "யம்மா, டாக்டராண்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"உன்னைத் திட்டிட்டா கண்ணு வந்துடுமா? இன்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு? போ, பஸ்ஸு போய்டப் போவுது."

போய்விட்டேன். டாக்டரம்மாவிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.