கீரி கொண்டுபோன குஞ்சுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு அலமாரியில் என் அத்தானின் ஆய்வேடு இருக்கிறது. கறுப்பு காலிகோ அட்டை, முதுகில் பொன்னெழுத்து. நன்றி சொல்லும் பக்கத்தில் களப்பணிக்கு உதவிய மைத்துனர் என்று என் பெயரும் உண்டு. நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை அதை எடுத்துப் புரட்டி, மாமா பேர் போட்டிருக்கு என்று எல்லாருக்கும் காட்டும். நானும் வெட்கம்கெட்டுப்போய்ச் சிரித்துவைப்பேன். அதே ஏட்டின் பின்பகுதியில் ஓர் அட்டவணை. அதில் நான்காவது கூட்டுக்கு நேரே, குஞ்சுகள் நான்கையும் கீரி கொண்டுபோனது என்று ஒரு வரி. அப்படி ஒரு கீரி வரவே இல்லை. அது நான் சொன்ன பொய்.

அத்தான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். நான் அதே ஊரில் ஒரு பேண்டேஜ் மில்லில் சூபர்வைசர். அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அத்தான் அவளுக்கும் மூத்தவர், ஆனாலும் என்னைத் தன் வயசுக்காரனைப்போல ஒரு சோட்டாளியாகத்தான் நடத்தினார். நாற்பதைத் தாண்டியபிறகு டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். பிள்ளைக படிக்கிற வயசுல இவிய படிக்காக என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அவர் ஆராய எடுத்துக்கொண்டது ஆள்காட்டிக் குருவி. மனிதத் தலை தெரிந்தால் போதும், கத்தி ஊரைக் கூட்டிவிடுமே, அதேதான். கோடையில் வற்றிக்கிடக்கும் கண்மாய்க்குள் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை இட்டு வைத்திருக்கும். கரைமேல் உட்கார்ந்து, மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்.

அவருக்கு இந்தப் பித்து பிடித்தது ஒரு ஜெராக்ஸ் கட்டுரையால். வடதுருவத்துக்குப் பக்கத்தில் தூந்திரம் என்று மரமே முளைக்காத குளிர்வெளி இருக்கிறது. கோடையில் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகளைப் பற்றிய கட்டுரை அது. அவற்றுக்கு நம் ஆள்காட்டி தூரத்துச் சொந்தம் என்பார். அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவதில்லை. முட்டையை விட்டு வந்த மறுநாளே தானாக ஓடிப் பூச்சி பொறுக்கவேண்டும். ஆனால் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரம் மேயும், குளிர் ஏறும், ஓடிவந்து தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொள்ளும், சூடேறியதும் மறுபடி ஓடும். மழை பெய்தால் வயிற்றுக்கடியில் கிடக்கும் நேரம் கூடும், மேயும் நேரம் குறையும். தாயை யாராவது விரட்டிக்கொண்டே இருந்தால் குஞ்சு குளிரில் செத்துப்போகும். இதையெல்லாம் அவர் சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்து சொல்வார். சாம்பார் ஆறிப்போகும்.

அத்தானின் வாதம் ஒன்றே ஒன்றுதான். பனிநாட்டில் மட்டுமல்ல, நம் ஊரிலும் ஒரு கோடை மழையில், தாய் உட்கார முடியாமல் போனால், குஞ்சு குளிரில்தான் சாகும். வெயிலுக்குப் பிறந்த பறவை என்றாலும் குஞ்சின் தூவி நனைந்தால் நனைந்ததுதான். இதைக் கேட்டு மதுரையில் இருந்த அவருடைய வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தாராம். கண்ணால் பார்த்த ஒரு சம்பவமாவது கொண்டு வாரும், இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆய்வேட்டில் மற்றதெல்லாம் நாலு பேர் முன்பே எழுதியதுதான். இந்த ஒரு அத்தியாயம்தான் அத்தானுடைய சொந்தச் சரக்கு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தான் வழிகாட்டியைப் பார்க்க மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. நான்காவது கூட்டில் குஞ்சு பொரித்து இரண்டு நாள். வானம் வேறு இரண்டு நாளாக மூடிக்கொண்டு நின்றது. எனக்கு அன்று மில்லில் வார விடுமுறை. நோட்டை என் கையில் கொடுத்து, கரையிலிருந்தே பார்த்து எழுதச் சொன்னார். கிளம்பும்போது, "மாப்ளே, கிட்ட மட்டும் போயிராத. ஆள் நின்னா தாய் உக்காராது" என்றார். நான் எத்தனை துணிக்கட்டைப் பார்த்தவன், இது என்ன பெரிய காரியம் என்று தலையாட்டினேன்.

மதியத்துக்குமேல் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். தேவதானத்திலிருந்து வந்திருந்த அவளுடைய தங்கைகள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். புது மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியுமா? தூந்திரம், பனி, உடம்புச் சூடு என்று அத்தானிடம் கேட்டதையெல்லாம் என் சொந்த ஆராய்ச்சிபோல அளந்துவிட்டேன். கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று சின்னவள் கேட்டாள். போகலாமே என்று முன்னால் நடந்தவன் நான். தாயும் தகப்பனும் தலைக்குமேல் பறந்து கத்திய கத்தில் காது கிழிந்தது. குஞ்சுகள் அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. நாலையும் பொறுக்கி ஒரு இடத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக இருந்த முதுகை விரலால் தடவிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது.

அப்போதே விலகிப் போயிருந்தால் தாய் வந்து உட்கார்ந்திருக்கும். எனக்குத் தோன்றியது வேறு. பாவம், பச்சைக் குஞ்சு நனையுதே என்று குடையைக் குஞ்சுகளுக்குமேல் பிடித்துக்கொண்டு குத்தவைத்துவிட்டேன். கொழுந்தியாள்கள் நனைந்துகொண்டே என் இரக்க குணத்தை மெச்சினார்கள். சாரல் குடைக்குள் சாய்ந்து அடித்தது, தரையில் ஓடிய தண்ணீர் குஞ்சுகளின் அடிவயிற்றை நனைத்தது. கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தவை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தன. தூங்கிவிட்டன என்று நினைத்தேன், மடையன். பையில் மில் பஞ்சு ஒரு சுருள் இருந்தது. அதை எடுத்து நாலையும் பொதிந்தேன். காயத்துக்கு வைக்கிற பஞ்சு அது. எண்ணெய்ப் பசை போக வேகவைத்துச் சலவை செய்தது, ஈரத்தைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். தினம் அதில்தான் எனக்குப் பிழைப்பு. அன்றைக்கு அது புத்தியில் ஏறவில்லை. மழை விட்டுப் பஞ்சைப் பிரித்தபோது நாலும் கண்மூடிக் கிடந்தன.

பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே ஈர மணலைக் கையால் பறித்துப் புதைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் அத்தான் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கரைக்கு வந்தார். மதுரையிலும் மழையாம், வேட்டியெல்லாம் சேறு. மழைக்குள் தாய் உட்கார்ந்ததா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆசையோடு கேட்டார். அவருக்கு வேண்டிய அந்த ஒரு சம்பவம் என் காலடி மண்ணுக்குள் கிடந்தது. உண்மையைச் சொன்னால் கிட்டே போனதையும் சொல்லவேண்டும், பெண்டாட்டி வீட்டாருக்கு வேடிக்கை காட்டியதையும் சொல்லவேண்டும். "மழைக்கு முந்தியே கீரி வந்து கொண்டுபோயிருச்சு அத்தான்" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்களே, அந்தக் கண்மாயில் கீரிக்குப் பஞ்சமே இல்லை. அவர் மறுபேச்சுக் கேட்கவில்லை. நோட்டை வாங்கிக் கீரி என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த கோடையில் மழையே இல்லை. அதற்குமேல் காத்திருக்க அவருக்குத் தவணை இல்லை. அத்தியாயத்தை எடுத்துவிட்டுத்தான் ஏட்டைக் கொடுத்தார், பட்டமும் வந்தது. சொல்லிருங்க, நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன் என்று என் மனைவி கொஞ்ச நாள் மிரட்டினாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். நான் அத்தானோடு முன்புபோல உட்கார்ந்து சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவர் பறவை என்று வாயெடுத்தாலே எனக்கு மில்லில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். கல்லூரியில் நடந்த வழியனுப்பு விழாவில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் மைக்கைப் பிடித்து, ராஜபாளையத்து வெயிலில் குளிரைத் தேடின மனுஷன், விட்டிருந்தால் காக்காய்க்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருப்பார் என்றார். பந்தலே சிரித்தது. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அத்தானும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடை, பஞ்சு, கீரி எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட நல்லது என்றிருந்தது. அவர், "தாய் உக்காராம எம்புட்டு நேரம் இருக்கும்? நிமிஷக் கணக்கு இருக்கா?" என்று கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கு இல்லாவிட்டால் நான் சொல்வதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது என்பது எனக்கும் புரிந்தது. பிறகு கேட்டார், "பொதைக்கும்போது வெறைச்சிருந்துச்சா?"

"இல்ல அத்தான். துவண்டுதான் கெடந்துச்சு."

அவர் வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னார். "வெறைக்காம இருந்தா அது சாவு இல்ல மாப்ளே. ரொம்பக் குளுந்துட்டா அப்பிடித்தான் கெடக்கும். தாய் வந்து செத்த நேரம் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டா எந்திரிச்சிரும்."

அன்றைக்குக் குஞ்சுகளை மூடிவிட்டுக் கரைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, தாய்ப்பறவை இறங்கி வந்து, அந்த ஈர மண்மேல் சிறகை லேசாக விரித்து, வயிறு பதிய உட்கார்ந்தது. அதை மட்டும் நான் அத்தானிடம் இன்றுவரை சொல்லவில்லை.