மகள் என்று நான் அடக்கியவர்

இளைய மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டியபோதுதான் அந்த எலும்புகள் வெளியே வந்தன. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை. அவள் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பேச்சே இப்போது வேண்டாம் என்றிருந்தாள். நான்தான் அவசரப்பட்டேன். அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். ஆறு வயதில் சுனாமியில் போய்விட்டாள். எட்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. இளையவள் அதற்குப் பிறகு பிறந்தவள்.

வீட்டுக்கென்று வாங்கிய வளவு ஊருக்கு மேற்கே, வயல் தொடங்கும் மேட்டில் இருக்கிறது. இடுப்பளவு ஆழத்தில் மண் கறுத்து, கடல் மட்டி ஓடுகள் கலந்து வந்தது. அதற்குள் ஒரு சிறிய இடத்தில், கால் மடங்கி ஒருக்களித்தபடி ஒரு எலும்புக்கூடு கிடந்தது. மண்டையோடு நொறுங்கியிருந்தது. தாடைத் துண்டொன்றில் மூன்று பற்கள் இருந்தன.

“சேர், உங்கட மகள் இதத் தேடித்தானே அவ்வளவு தூரம் படிக்கப் போயிரிக்கா? இங்க சும்மா கிடக்கு” என்று சிரித்தார் மேசன். என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: சின்ன இடத்தில் கிடக்கிறது, ஆகவே சின்னப் பிள்ளை. கடல் மட்டி கிடக்கிறது, ஆகவே கடல் கொண்டுவந்து போட்டது. இந்தக் கரையில் எங்கே எலும்பு கண்டாலும் எங்களுக்கு முதலில் வருவது அந்த நினைவுதான். உடனே வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கிவிடுவோம். பொலிசுக்குச் சொன்னால், யுத்தத்தில் பலர் காணாமல் போன இந்த மாவட்டத்தில் எலும்பைப் பற்றி வேறு கேள்விகளும் வரும் என்ற பயமும் உண்டு.

பள்ளிவாசலில் மௌலவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உறுதியாச் சொல்றீங்களா சேர், உங்கட பிள்ளைதான் எண்டு?”

“ஓம்” என்றேன்.

அந்த மேட்டுக்குக் கடல் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சுனாமியன்று அந்த வயல் வரம்பில் ஏறி நின்றுதான் நான் உயிர் தப்பினேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்தது. கபன் துணியைச் சுற்றியவை என் கைகள். வீட்டில் என் மனைவி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சோறு கொடுத்தாள். இருபது வருடத்துக்கு மேலாக அவள் முகத்தில் நான் காணாத ஒரு தெளிவு இருந்தது.

மேசன் எடுத்த படங்கள் கைபேசி கைபேசியாகப் போய் மகளுக்கும் போயிருக்கின்றன. மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குக்கூட வராமல் நேரே வளவுக்குப் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். வெட்டிப் போட்ட மண்ணுக்குள் குந்தியிருந்து, படிகக்கல் சிம்புகளைத் துடைத்துக் கைலேஞ்சித் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ தட்டிச் செதுக்கிய நகத்தளவு துண்டுகள். ஓரமெல்லாம் பிளேடு போல இருந்தன.

“வாப்பா, என்ன செஞ்சி வெச்சிரிக்கீங்க? நீங்க பத்தாம் வகுப்புக்கு மனிசன் எப்படி வந்தான் எண்டு கூர்ப்புப் பாடம் எடுக்கிற ஆள்!”

அவள் ஒரு மட்டியை எடுத்து நீட்டினாள். “இதப் பாருங்க. கரிஞ்சிரிக்கு. எல்லாம் திறந்து தின்னுட்டுப் போட்டது. ஒரே இடத்துல குவிஞ்சி கிடக்கு. கடல் குவிச்சா வைக்கும்?”

“உனக்கு மூத்தவள், ராத்தாவா இருக்கக் கூடாதா மகள்?”

அவள் குரல் இறங்கியது. கைபேசியில் அந்தத் தாடையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். “ஆறு வயசுப் பிள்ளைட பல்லு இப்படித் தேயுமா வாப்பா? மண்ணோட கலந்த சாப்பாட்டப் பல காலம் மெண்ட பல்லு இது. வளந்த ஆள். காலை மடக்கி, ஆரோ பாத்துப் பாத்துப் படுக்க வெச்சிரிக்காங்க.”

எவ்வளவு காலம் என்று கேட்டேன். சோதித்தால்தான் சொல்லலாம், ஆயிரக்கணக்கான வருடங்கள் இருக்கலாம் என்றாள். கடல் வற்றி இந்தியாவும் இலங்கையும் ஒரே தரையாகக் கிடந்த காலத்தில் நடந்தே வந்தவர்களின் வழிவந்தவராக இருக்கலாம் என்றாள். இந்தக் கரையில் இப்படி ஒரு முழு உடலை அவளுடைய விரிவுரையாளர்களே கண்டதில்லையாம். அவர்கள் வந்து முறைப்படி அனுமதி எடுத்து, அடக்கிய குழியைத் திறக்க வேண்டும். ஆனால் பள்ளிவாசல் நிருவாகம் என் எழுத்தைக் கேட்கும். இது என் மகள் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“உம்மாக்கு ஆர் சொல்றது?” என்றேன்.

“ஓம் எண்டு சொன்ன ஆள் நீங்கதானே” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. “செத்த ஆள் ஆரெண்டு தெரிஞ்சி நீ என்ன செய்யப் போறா? உன்ட உம்மாக்குப் போய் நிக்க ஒரு கப்ராவது இருந்திட்டுப் போகட்டும்!” என்று கத்தினேன். பக்கத்து வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. “அந்த ஆளுக்கும் ஒரு பேர் இருந்திருக்கும் வாப்பா. நீங்க ராத்தாட பேரப் போட்டுப் புதைச்சிரிக்கீங்க” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் கடிதம் எழுதினேன், கிழித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஆதி மனிதனைப் பற்றி ஏதோ கேட்க, பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். அவர்களும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டுதானே அவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள். வழியில் எத்தனை பேரைத் தொலைத்திருப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாலாம் நாள் பகல், மனைவி அரிசி அரித்துக்கொண்டிருக்கும்போது, அது எங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னேன். கடல் அங்கே வரவில்லை என்பதையும், பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசியை அரித்து முடித்து, உலையில் போட்டு, மூடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அவள் எங்க?”

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் வந்திருக்கிறேன். அன்றைக்கு “தெரியா” என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். “ஓம். எனக்கும் தெரியா” என்றாள். உலை மூடியைச் சரித்து வைத்துவிட்டு, “எழுதிக் குடுங்க. ஆனா அதுல அவள்ட பேர எழுதாதீங்க” என்றாள்.

அங்கேயே, சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். அடக்கப்பட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட்டு, லுஹர் தொழுகைக்குப் போகும்போது மௌலவியின் கையில் கொடுத்தேன்.