கிள்ளிப் பார்க்காத கால்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் விலங்குக் கூடத்தில், ஆராய்ச்சி செய்ய வருபவர்களுக்கு எலியைப் பிடிக்கவும் ஊசி போடவும் அறுத்துத் தைக்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. முதல் பாடமே இதுதான்: மயக்க ஊசி போட்ட பிறகு, இடுக்கியால் எலியின் பின்னங்காலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். காலை இழுத்தால் இன்னும் மயங்கவில்லை. கத்தியைத் தொடக் கூடாது. இதை நூறு தடவை சொல்லியிருப்பேன். சொல்ல வாய் வலிக்குமா என்ன?

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் வகுப்பைப் பார்க்க மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியாது. ஊசி போட்டுவிட்டுச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தவன், கிள்ளிப் பார்க்காமலே கத்தியை எடுத்துவிட்டேன். கூண்டு கழுவும் அம்மா ஒருவர், கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“சார், அது இன்னும் மயங்கல சார். மீசை ஆடுது பாருங்க.”

“நீங்க போயி கூண்டைக் கழுவுங்கம்மா. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றில் கத்தி பட்டதும் எலி காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கேயே நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டிருக்கலாம். “இது வெறும் அனிச்சைதான், வலி தெரியாது” என்றேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் கூண்டைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

போன மாதம் அரியலூரில் இதே மாதிரி ஒரு பயிற்சியைப் பார்வையிடப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் என் பழைய மாணவி. அன்று முன்வரிசையில் நின்று எழுதியவர். ஊசி போட்டார், காத்திருந்தார், இடுக்கியால் கிள்ளினார். எலி காலை இழுத்தது.

“இது வெறும் அனிச்சைதான், வலி தெரியாது” என்று சொல்லிக் கத்தியை எடுத்தார். என் சொல், தோரணைகூட என்னுடையது.

“நிறுத்துங்க. அது இன்னும் மயங்கல” என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பொய்யை யாரிடம் கற்றார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தார். வகுப்பு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தப்பு என்னுதுதான் சார்” என்றார் கடைசியில்.

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.