ஜீப் போகாத மருந்தகம்

செல்விக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு மருத்துவர் சொன்னது இது.

காலையில் ஏலக்காய் எடுக்கும்போது பாம்பு கடித்தது. ரோட்டுக்கு ஜீப் அனுப்பச் சொல்லி, மலை மருந்தகத்து நர்ஸ் இணையத்தில் தோட்ட அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். செய்தி போய்விட்டதென்று நம்பி, உடன் வேலை செய்தவர்கள் செல்வியைக் கம்பளியில் தூக்கி இறங்கினார்கள். ரோட்டில் ஜீப் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. வேறு வண்டி கிடைப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

போடி மருத்துவமனை வாசலில் லேப்டாப்போடு குமரேசன் நின்றார். தோட்டங்களின் இணைய முகவரிகளைப் பராமரிப்பவர் அவர்தான்.

"எல்லா அட்ரஸும் ஒரே ஃபைல்ல கெடந்துச்சுண்ணே. நேத்து ஜீப்பு ஓடுற ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஃபைலாப் பிரிச்சேன். மலையில எதையும் லைன் வச்சுத்தானே பிரிப்போம். மருந்தகத்துக்கு ஜீப்பு போகாதா, அது எந்த ஃபைல்லயும் சேரல. அட்ரஸ் இல்லாம அங்கேருந்து செய்தி எப்படிப் போகும்?"

செல்வியின் கணவர் பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "வாசல்ல ஜீப்பு நிக்கிறவன் எதுக்குப்பு செய்தி அனுப்பப் போறான்?"

குமரேசன் லேப்டாப்பைத் திறந்தார். மருந்தகத்தின் விடுபட்ட முகவரியை அங்கேயே சேர்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் ஊரில் இப்படிப் பிரித்தபோது விடுபட்டது எது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். செல்வியைப் பற்றி, காலை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர்.